வாசலில் கிடந்த செருப்புகள்

பாளையங்கோட்டையில் டாஸ்மாக் கடை எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் நடக்கிற வேகமே வழி சொல்லிவிடும். குடியை விட நினைக்கிறவர் எங்கே போவது என்று கேட்பதற்குத்தான் எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

குடித்தது நான் அல்ல, அக்கா வீட்டுக்காரர். அத்தான் நல்லவர் என்று ஊரே சொல்லும், "ராத்திரி மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திக்கொள்ளும். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் தொட மாட்டார். மாலையைக் கழற்றிய அன்றே, விட்டுப்போனதையும் சேர்த்துக் குடிப்பார். அந்த 41 நாள்தான் எங்களை ஏமாற்றியது. நினைத்தால் விட்டுவிடக்கூடியவர்தானே, நினைக்க மாட்டேன் என்கிறாரே என்று பத்து வருஷம் கோபப்பட்டோம்.

விசாரித்தபோதும் நான் நேராக விசாரிக்கவில்லை. மருந்துக்கடையில், "ஃபிரண்டு ஒருத்தருக்கு" என்றேன். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருப்பதாகச் சொன்னார்கள். பெரியம்மா கோயிலில் கயிறு கட்டச் சொன்னாள். ஒரு நாள் காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அத்தானின் கை ஆடியது. அவரே அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். குடிப்பவருக்குத் தெரியாமல் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் வைத்தியம் இல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கிழமையும், ஏழு மணி என்றும், சர்ச்சை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாளமும் எழுதிக் கொடுத்தார். "உடம்பை நாங்க பார்த்தாச்சு. மிச்சத்துக்கு இங்க போங்க. ஏ.ஏ. மீட்டிங்." ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கம்.

சாயங்காலம் ஏழு மணி. கடையில் கூட்டம் சேர்கிற அதே நேரம். அந்தப் பள்ளிக்கூடத்தை மூன்று முறை சுற்றினோம். போர்டு இல்லை, அம்புக்குறி இல்லை. வாட்ச்மேனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் பின்பக்கத்து வகுப்பறை ஒன்றின் வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் பாலிஷ் போட்ட தோல் செருப்பு. பள்ளி விட்டு மூன்று மணி நேரமாகியும் பெரியவர்களின் செருப்பு கிடக்கிறதென்றால் இதுதான் இடம்.

அந்த அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்து எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அத்தானின் தோளில் கை வைத்து, "வாங்க, உங்களுக்காகத்தான் நாற்காலி கிடக்கு" என்றார். என்னிடம், "தம்பி, இன்னைக்கு க்ளோஸ்டு மீட்டிங். குடிநோயாளிகள் மட்டும்தான். ஓப்பன் மீட்டிங் அன்னைக்கு வீட்டு ஆளுங்களும் வரலாம்" என்றார். ஃபீஸ் எவ்வளவு என்றேன். சிரித்தார். ஃபீஸ் கிடையாது, பதிவேடு கிடையாது, முழுப் பெயர்கூடத் தேவையில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே தங்களால் ஆனதைப் போடுகிறார்கள். வெளியார் பணத்தை வாங்குவதில்லை.

ஒன்றரை மணி நேரம் செருப்புகளுக்குக் காவலாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்டது சிரிப்பு. நடுவில் ஒரு குரல் தணிந்து வெகுநேரம் பேசியது. மற்றவர்கள் குறுக்கிடவே இல்லை. எங்கள் வீட்டில் அத்தானை யாரும் அப்படிப் பேசவிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த இயக்கம் பிறந்த கதையை அப்புறம் படித்தேன். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் தொழில் விஷயமாக ஓஹியோவின் ஆக்ரன் நகருக்குப் போகிறார். குடியை விட்டு ஐந்து மாதம். போன காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து டெலிபோனில் விசாரிக்கத் தொடங்கினார். தேடியது டாக்டரை அல்ல, தன்னைப் போலவே குடியில் மாட்டிய இன்னொருவரை. பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். கால் மணி நேரம்தான் என்று உட்கார்ந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10 தான் ஏ.ஏ.யின் பிறந்தநாள். அந்தத் தேடலும் நான் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட அதே விசாரிப்பில்தான் தொடங்கியிருக்கிறது.

விளம்பரம் செய்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. வருகிறவரின் மானத்தைக் காப்பாற்றுவது அதுதான். வழி தெரியாதவரைத் தெருவில் சுற்றவிடுவதும் அதுதான். ஆகவே தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். குடிப்பவரின் வீட்டாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அக்கா முதலில், "நான் என்ன குடிச்சேனா, எனக்கு எதுக்கு?" என்றாள். இப்போது ஒரு வாரம்கூடத் தவறவிடுவதில்லை.

நான்காம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் அத்தான் சறுக்கினார். அடுத்த மீட்டிங்குக்குப் போகக் கால் வரவில்லை. அன்று தோளில் கை வைத்தவரே வீட்டுக்கு வந்து கூட்டிப்போனார். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கை.

இப்போது என்னிடமும் சிலர் "ஃபிரண்டு ஒருத்தருக்கு" என்று கேட்கிறார்கள். எந்த ஃபிரண்டு என்று நான் கேட்பதில்லை. ஏழு மணி மீட்டிங்குக்கு அத்தான் ஆறரைக்கே போய் நாற்காலி போடுகிறார். அவர் செருப்புதான் வாசலில் முதல் ஜோடி.