கடுகண்ணாவை ஏற்றமும் கனடா எஞ்சின்களும்

கொழும்பிலிருந்து இரட்டைத் தண்டவாளமாக வரும் பாதை றம்புக்கனையில் ஒற்றையாகிறது. அதற்கு அப்பால் சமதரை கிடையாது. நாற்பத்தைந்து அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். கடுகண்ணாவை வரைக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் இப்படியேதான். அந்தத் தூரத்துக்குள் கோச்சி நானூறு மீற்றருக்கு மேல் உயர்ந்துவிடும். றோட்டால் போகிறவர்களுக்கு இது ஒரு பெரிய சரிவாகவே தெரியாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதென்றால் கதை வேறு. சமதரையில் ஒரு தொன் பாரத்தை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவை போதும். இந்த ஏற்றத்தில் அதற்கு மேலாக இன்னொரு இருபத்திரண்டு கிலோ வேண்டும். முந்நூறு தொன் கோச்சி என்றால் சரிவை வெல்ல மட்டும் ஆறரைத் தொன்னுக்கு மேற்பட்ட இழுவை. மலையைச் சுற்றி வளையும் வளைவுகளில் சில்லின் விளிம்பு தண்டவாளத்தை உரசுமே, அந்தத் தடையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் கனடாவின் விட்பி நகரில் வசிக்கிறேன். எங்கள் ஊரின் தெற்கே, ஒன்ராறியோ ஏரியை ஒட்டிச் சீஎன் கம்பனியின் பாதை போகிறது. இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளமான சாமான் கோச்சிகள் அதில் இரவு பகலாக ஓடுகின்றன. கோ என்ற பயணிகள் சேவையின் றெயில்களைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனையும் 2018 முதல் இங்கே இருக்கிறது. விட்பிக்கும் ஒரு காலத்தில் தனக்கென்று ஓர் ஏற்றம் இருந்தது. 1870களில் துறைமுகத்திலிருந்து வடக்கே போர்ட் பெரிக்கு ஒரு பாதை போட்டார்கள். இடையில் ஓக் ரிட்ஜஸ் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பாதை இப்போது இல்லை. ஆனால் விட்பியின் பழைய றெயில் நிலையம் பிழைத்துக்கொண்டது. அதை இடம்பெயர்த்து ஓவியக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1856இல் கிராண்ட் ட்ரங்க் கம்பனியின் மொன்றியல் பாதை விட்பி வழியாக ஓடத் தொடங்கியபோது அதன் அகலம் ஐந்தடி ஆறங்குலம். 1870களில் கனடா அந்த அகலத்தைக் கைவிட்டது. இலங்கையில் இன்றைக்கும் அதே ஐந்தடி ஆறங்குலம்தான்.

கைவிட்ட அந்த அகலத்துக்கே 1954இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில் எஞ்சின் கட்டினார்கள். கட்டியது ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவி அது. ஜி12 என்ற மாதிரி. இலங்கையில் அதற்கு எம்2 வகுப்பு என்று பெயர். முதலில் வந்தவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களை வைத்தார்கள்: ஒன்ராறியோ, ஆல்பர்ட்டா, சஸ்கச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக். அடுத்தடுத்து வந்தவற்றில் மனிற்றோபா உண்டு, நோவா ஸ்கோஷியா உண்டு, மொன்றியலும் வன்கூவரும் உண்டு. கடைசியாக வந்தவற்றில் ஒன்றுக்குக் காங்கேசன்துறை என்று பெயர். எல்லாமாகப் பதினான்கு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாழ்ப்பாணக் கோச்சியான யாழ்தேவியைப் பற்றிப் பேசும்போது "கனடா எஞ்சின்" என்ற சொல் தானாக வந்து விழும். கனடாவில் கால் வைப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே அதன் மாகாணங்களின் பெயரை எஞ்சின் பலகையில் வாசித்தவர்கள் நாங்கள்.

மருதானையில் ஒரு காலை ஆல்பர்ட்டாவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தட்டையான முகம் கிடையாது. நீண்ட மூக்கு, பின்தள்ளி றைவரின் அறை, பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள். அந்தக் கதவுகளில் ஒன்று திறந்திருந்தது. உள்ளே ஒருவர் முழங்கை வரை எண்ணெயோடு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் மீற்றரோ கருவியோ இல்லை. கொஞ்ச நேரம் கேட்டார், ஒரு மூடியை இறுக்கினார், மறுபடி கேட்டார், கதவைச் சாத்தினார். அவரோடு பேச வாய்க்கவில்லை. ஆனால் இந்தப் பழைய எஞ்சின்களை ஓடவைக்கும் கையறிவைத் தேடித்தான் நான் வந்திருந்தேன்; அது அந்தத் தலைச் சாய்ப்பில் இருந்தது.

நாவலப்பிட்டியில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் அதை விளக்கிச் சொன்னார். மலையகத்தவர். தகப்பனார் தண்டவாளக் கேங்கில் வேலை செய்தவராம். வீட்டு முற்றத்தில் என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி வந்ததும் ஒரு கடதாசியில் எஞ்சினைக் கீறிக் காட்டத் தொடங்கினார்.

"தம்பி, பன்னெண்டு சிலிண்டர். பக்கத்துக்கு ஆறு. ஒரு சிலிண்டருக்கு ஐநூத்தி அறுபத்தேழு கன அங்குலம். அதனாலதான் அதுக்கு அந்த நம்பர்."

567 என்பது அந்த எஞ்சின் குடும்பத்தின் பெயர். ஒரு சிலிண்டர் ஒன்பது லீற்றருக்கு மேல். பன்னிரண்டையும் கூட்டினால் நூற்றுப் பதினொரு லீற்றர். இரண்டடிப்பு இயக்கம், காற்றை உள்ளே தள்ள ஊதி உண்டு. முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 835 சுற்று. அது மின்சாரம் எடுக்கும் டைனமோவைச் சுழற்ற, அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டர்களுக்குப் போகிறது. எஞ்சினுக்கும் சில்லுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

அவர் அடுத்ததாகக் கீறியது சில்லுகளை. ஆறு அச்சு. ஒவ்வொரு போகியிலும் மூன்று. நடு அச்சில் மோட்டர் இல்லை. அது பாரத்தைப் பகிர்ந்து தாங்கிக்கொண்டு சும்மா உருளும். பழைய மெல்லிய தண்டவாளங்களும் பாலங்களும் நொறுங்காமல் இருக்க அப்படிக் கட்டினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏற்றத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சினுடைய எடையில் ஒரு பெரும் பங்கு பிடிப்புக்கு உதவாத அச்சில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மழையில் இழுக்கும் சில்லுகள் இடத்திலேயே சுழலும்.

"வழுக்கு மரத்துல ஏறுற மாதிரி. அவசரப்பட்டா எறங்கிருவ. சில்லு சுத்துறதுக்கு முன்னாடி மணல் போடணும். சுத்தின பொறகு போட்டு என்ன பிரயோசனம்? றைவருக்கு அது ஆசனத்துல தெரியணும்."

சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய்கள் எஞ்சினில் இருக்கின்றன. மணல் ஈரமானால் குழாய் அடைத்துவிடும். ஆகவே ஏற்றம் ஏறும் எஞ்சினுக்கு மணலைக் காயவைத்துச் சலித்து நிரப்புவதும் ஒரு தொழில். அந்த வேலை செய்தவர்களை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. டீசல் எண்ணெய்க்கு அடுத்தபடியாக அந்த மணல்தான் கோச்சியை மலைக்குக் கொண்டுபோனது என்று அவர் சொன்னபோது அதில் மிகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

றைவர் பார்க்கவேண்டிய இன்னொன்று அம்பியர் முள். கோச்சி மெதுவாகி இழுவை கூடக் கூட மோட்டருக்குப் போகும் மின்சாரம் ஏறும். மோட்டர் சூடாகும். எந்த அளவு மின்சாரத்தை எத்தனை நிமிஷம் தாங்கலாம் என்று கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் மோட்டரின் கம்பிச் சுருள் கருகிவிடும். ஆகவே மெதுவாக ஏறுவது பாதுகாப்பு என்று நினைக்க முடியாது. அளவுக்கு மேல் மெதுவாகினால் அதுதான் ஆபத்து. வேகம் கூடாது, குறையவும் கூடாது, சில்லு சுழலக் கூடாது, மோட்டர் கருகக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய இடம் இருக்கிறது. நல்ல றைவர் றம்புக்கனையில் பிடித்த அந்த இடத்தைக் கடுகண்ணாவை வரைக்கும் விடமாட்டார்.

நான் ஏறிப்போன கோச்சியை எம்6 எஞ்சின் இழுத்தது. 1979இல் ஜெர்மனியின் ஹென்ஷல் கம்பனி கட்டியது. இன்றைக்கு மலைப்பாதையில் பெரும்பாலும் காணக் கிடைப்பது இதுதான். அதன் உள்ளே இருப்பதும் ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பத்து எஞ்சின், 567க்குப் பின் வந்த 645. முதல் பெட்டியில், யன்னலோரம் நின்றேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. முதல் சுரங்கத்துக்குள் போனதும் எஞ்சினின் புகை பெட்டிக்குள் வந்தது. சுரங்கம் முடிந்ததும் வலப்பக்கம் பள்ளத்தாக்கு, தூரத்தில் பத்தலேகலைப் பாறை, கீழே வயல்கள். எதிரில் இருந்த பிள்ளைகள் கைபேசியைத் தூக்கினார்கள். எனக்குக் காது முழுக்க முன்னால்தான். ஒரு வளைவில் சத்தம் சட்டென்று மேலே போய், பிறகு தணிந்து, மறுபடி பழைய நிலைக்கு வந்தது. சில்லு வழுக்கிப் பிடித்த இடம் அது.

பலனையில் கோச்சி நின்றது. எதிரே கீழ்நோக்கி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி நேருக்கு நேர் வராமல் காப்பது டெப்லட். ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டெப்லட்தான் நிலையத்துக் கருவிப் பெட்டியிலிருந்து வெளியே வரும். அது கையில் இல்லாமல் எந்த றைவரும் அந்தத் துண்டுக்குள் நுழைய முடியாது. வட்டமான உலோகத் தகடு, அதற்கொரு தோல்பை, பையைக் கோர்த்த பெரிய வளையம். கீழிறங்கிய கோச்சியின் உதவியாளர் வாசலில் தொங்கியபடி ஒரு கையால் வளையத்தைக் கொடுத்து மறு கையால் அடுத்ததை வாங்கினார். வாங்கிய வளையம் அவர் தோள் வரை ஏறிப் போயிற்று. நிலையத்தில் நின்றவர் தம்மிடம் வந்ததைத் துடைத்து உள்ளே கொண்டுபோனார். விக்டோரியா காலத்து ஏற்பாடு இது. இந்தப் பாதை 1867இல் கோப்பித் தோட்டங்களுக்காகக் கண்டி வரைக்கும் திறக்கப்பட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, நீராவி போய் டீசல் வந்தது. டெப்லட் அப்படியே இருக்கிறது.

இறங்கிய அந்த வண்டி வெறும் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியிருந்தது. ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்று பிட்டர் சொன்னது அதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் ஒவ்வொரு சில்லையும் கவ்விக்கொண்டிருந்தன. சூடான இரும்பின் மணம் மழையையும் மீறி வந்தது. வெற்றிட பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் அது மறுபடி முழுப் பலத்துக்கு வர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கோச்சி கையை மீறிவிடும். "ஏறும்போது எஞ்சின் கெட்டா கோச்சி நிக்கும். எறங்கும்போது பிரேக் கெட்டா எங்க நிக்கும் தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லவில்லை.

இந்த எஞ்சின்கள் எப்படி இவ்வளவு காலம் ஓடின என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது. 567இல் ஒரு சிலிண்டர் கெட்டால் எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. தலை, பிஸ்டன், உறை எல்லாம் ஒரு கட்டாக மேலே வந்துவிடும். புதிய கட்டை இறக்கலாம். அதைவிடப் பெரிய உதவி, 645இன் கட்டுகள் 567சி எஞ்சினின் உடலில் பொருந்தும் என்பது. எம்6க்கு வாங்கியது எம்2க்கும் உயிர் கொடுத்தது. ஆனால் பொருந்தும் என்று கடதாசியில் இருப்பதும் பொருத்துவதும் ஒன்றல்ல. எந்த இடைவெளி எவ்வளவு, எந்த ஆணியை எந்த வரிசையில் இறுக்குவது என்பது தெமட்டகொடையிலும் ரத்மலானையிலும் கையிலிருந்து கைக்கு வந்த அறிவு. டீசலை இலங்கைக்குள் கொண்டுவந்த பி.டி. ரம்பாலவை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர் அதற்குத் தகுதியானவர். அந்த டீசலை ஓடவைத்தவர்களுக்கும் அந்த நினைவில் பங்கு கிடைக்க வேண்டும்.

அவர்களால் என்ன முடியும் என்பதற்கு மனிற்றோபாவைச் சொன்னால் போதும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி பெரலியவில் சுனாமி புரட்டிப்போட்ட கோச்சியை இழுத்துவந்த எஞ்சின் அது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த இடத்தில் இறந்தார்கள். உப்புத் தண்ணீருக்குள் கிடந்த எஞ்சினைத் தூக்கிக் கொண்டுவந்து, மறுபடி பாதையில் ஓடவிட்டார்கள். நினைவுநாளில் அது அந்த இடத்துக்குப் போய் நிற்கிறது. மின் மோட்டருக்குள் கடல்நீர் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட வேலை என்பது விளங்கும்.

லண்டன் தொழிற்சாலை இப்போது இல்லை. கை மாறி, கேற்றர்பில்லரின் கிளைக் கம்பனியின் கீழ் வந்து, 2012 ஜனவரியில் சம்பளத் தகராறில் தொழிலாளரை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். பெப்ரவரியில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். கட்டிய இடம் மூடிய பிறகும் பழுதுபார்த்த இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாவலப்பிட்டியில் இதைச் சொன்னபோது பிட்டருக்கு முகம் மாறிவிட்டது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றி விவரமாகக் கேட்டார்.

கடுகண்ணாவையில் நிலையத்தோடு சேர்ந்து தேசிய றெயில்வே நூதனசாலை இருக்கிறது. இலங்கையில் றெயில் தொடங்கி நூற்றைம்பது ஆண்டு நிறைவில், 2014 டிசம்பரில் திறந்தது. பழைய எஞ்சின்களையும் கருவிகளையும் அக்கறையாக வைத்திருக்கிறார்கள். அங்கே இல்லாதது இந்த மனிதர்களின் குரல். கையேடுகள் ஆங்கிலத்தில் உண்டு. சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்வது, மணல் போடும் நேரம், உப்புநீர் குடித்த மோட்டரைக் காயவைத்த முறை எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் வாய்ப்பேச்சாக மட்டும் இருக்கின்றன. சொல்லக்கூடியவர்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள். ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையுள்ள இரண்டு இளைஞர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். கனடாவில் இருக்கும் நாங்கள் இந்தப் பக்கத்து வேலையைச் செய்யலாம். லண்டனில் அந்த எஞ்சின்களைக் கட்டியவர்களில் யாராவது இன்னும் இருக்கலாம். ரொறொன்ரோவின் றெயில் நூதனசாலையில் கேட்டுத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது பிட்டர் தாம் கீறிய கடதாசியை என்னிடம் தந்தார். கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தார், லண்டன் ஆட்களிடம் கேட்பதற்கு. பன்னிரண்டாவது சிலிண்டரின் தலையை இறுக்கும்போது சாவி சுற்ற இடமே கிடையாதாம். தாங்கள் ஒரு சாவியைச் சூடாக்கி வளைத்துத்தான் அந்த வேலையைச் செய்தார்களாம். தொழிற்சாலையில் அதை எப்படிச் செய்தார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.