யார் யாரைப் பார்த்து காப்பி அடித்தது?

தி.நகரில் அடிக்கடி புடவை எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். பனகல் பார்க் பக்கம் ஒரு கடைப் பொம்மைக்குக் கட்டிவிட்ட பட்டுப் புடவையின் பார்டர், கொஞ்ச நாளில் உஸ்மான் சாலையில் வேறொரு கடைப் பொம்மையின் மேலும் ஏறிவிடும். பாடி கலர் மட்டும் ஒரு சாயல் மாறியிருக்கும். ‘அங்கே பார்த்தோமே, அந்த மாதிரி இருக்கா?’ என்று கேட்டால் எந்த விற்பனையாளரும் முகம் சுளிப்பதில்லை. ‘உட்காருங்கம்மா, எடுத்துப் போடறேன்’ என்பார்.

கம்ப்யூட்டர், செல்போன் வியாபாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான். விளம்பரத்தில் பார்த்தால் ஜென்மப் பகை. ஆனால் ஒரு வீட்டுச் சாம்பார் வாசனை அடுத்த வீட்டு அடுப்பிலும் அடிக்கும்!

போனை எடுத்துப் பாருங்கள்

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டா, ஐபோனா? எதுவானாலும் திரையின் மேல் ஓரத்திலிருந்து விரலால் கீழே இழுங்கள். வந்த செய்தி, தவறிய அழைப்பு எல்லாம் வரிசையாக இறங்கும். இந்த வசதி 2008ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே இருந்தது. ஐபோனுக்கு இது வந்தது 2011ல். முகப்புத் திரையில் கடிகாரம், வானிலை என்று பெரிய பெரிய கட்டங்களை வைத்துக்கொள்ளும் வசதியும் அப்படியே. ஆண்ட்ராய்டுக்காரர்கள் பல வருஷம் அனுபவித்த பிறகு, 2020ல்தான் ஐபோன்காரர்களுக்குக் கிடைத்தது.

எதிர்த் திசையிலும் இரவல் நடந்தது. 2017ல் வந்த ஐபோன் எக்ஸில் கீழே இருந்த வட்டப் பொத்தானை எடுத்துவிட்டு, விரலை மேலே தள்ளினால் முகப்புக்குப் போகலாம் என்று வைத்தார்கள். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10லும் அதே மாதிரி தள்ளல் வந்தது. திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டு மாதிரி அடுக்கிக் காட்டி, வேண்டாததை மேலே தள்ளிவிடுகிறோமே, அதை 2009லேயே பாம் என்ற நிறுவனம் தன் போனில் செய்து காட்டியிருந்தது. அந்த போன் இன்று சந்தையில் இல்லை. அதன் பழக்கம் மட்டும் எல்லோர் விரலிலும் இருக்கிறது.

கோர்ட் வரை போன சண்டை

இந்தக் கதையின் வேர் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. நாம் நகல் எடுப்பதற்கே ‘ஜெராக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். காப்பி அடித்த கதை அங்கிருந்து தொடங்குவது பொருத்தம்தான்! 1973ல் அங்கே உருவான ‘ஆல்டோ’ என்ற கம்ப்யூட்டரில் மவுஸ், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் திரை எல்லாம் வந்துவிட்டன. 1979ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் அவருடைய பொறியாளர்களும் போய்ப் பார்த்தார்கள். ஓசியில் அல்ல. ஆப்பிள் பங்குகள் சந்தைக்கு வருவதற்கு முன்பே ஒரு லட்சம் பங்குகளை வாங்கிக்கொள்ள ஜெராக்ஸுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். 1983ல் ‘லிசா’, 1984ல் ‘மெக்கின்டோஷ்’ பிறந்தன.

1985ல் மைக்ரோசாஃப்ட் ‘விண்டோஸ்’ கொண்டுவந்தது. ‘எங்கள் திரையைப் பார்த்து அடித்துவிட்டார்கள்’ என்று 1988ல் ஆப்பிள் வழக்குப் போட்டது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1989ல் ஜெராக்ஸ் ஆப்பிள் மேல் வழக்குப் போட்டது. இரண்டுமே பலிக்கவில்லை. ஆப்பிள் உரிமை கொண்டாடியதில் பெரும்பகுதி, 1985ல் இரு நிறுவனங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்திலேயே அனுமதிக்கப்பட்டது, மீதியைத் தனிச் சொத்து என்று யாரும் பூட்டி வைக்க முடியாது என்றது நீதிமன்றம். 1994ல் மேல்முறையீடும் தோற்றது.

ஆப்பிளுக்கு அது நஷ்டமாக இருக்கலாம். ஆனால், பயன்படுத்துகிற நமக்கு? ஒருவர் செய்ததை இன்னொருவர் தொடவே கூடாது என்று இருந்தால் நம் பாடு எப்படி இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். தொண்ணூறுகளின் தமிழ்க் கம்ப்யூட்டரைப் பார்த்தால் போதும்.

அட்டையில் வரைந்த கீபோர்டு

எண்பதுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர் அந்தப் பெண்மணி. பிறகு தி.நகரில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கடை நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

ஆரம்பத்தில் சிக்கல் இல்லை. கடையிலிருந்த மென்பொருள் பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே ஓடியது. ‘கொ’ அடிக்க வேண்டுமா? முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். கண்ணால் பார்க்கிற வரிசையிலேயே கை போகும்.

ஒருநாள் முதலாளி வேறு மென்பொருள் வாங்கி வந்தார். ‘எழுத்து அழகா இருக்கும்மா. பக்கத்து பிரஸ்ஸிலும் இதுதான்’ என்றார். மறுநாள் ‘நிகழும் மங்களகரமான’ என்று அடிக்க உட்கார்ந்தவருக்கு ‘நி’யே கிடைக்கவில்லை. சாவிகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு அடித்த கை, புதிதாகக் கோலம் போடும் குழந்தையின் கை மாதிரி தடுமாறியது. ஒரு நாளில் பன்னிரண்டு பக்கம் அடித்தவர் நாலைத் தாண்டவில்லை. கூலியும் அந்தக் கணக்குத்தான். மகளின் டேர்ம் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ‘கோர்ஸ் முடிச்ச பையன் ஒருத்தன் வேலைக்கு வர்றேங்கிறாம்மா’ என்று முதலாளி சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அச்சில் வீணான ஒரு பத்திரிகை அட்டையின் பின்பக்கம் சாவிகளைக் கட்டம் கட்டி வரைந்தார். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அந்த அட்டையின் மேல் விரலை ஓட்டிப் பழகினார். சத்தம் வராத டைப்ரைட்டர் அது. மூன்று வாரத்தில் வேகம் திரும்பியது, வேலை தங்கியது. இரண்டு வருஷத்தில் கடைக்கு இன்னொரு மென்பொருள் வந்தது. மறுபடி ஓர் அட்டை, மறுபடி கட்டம்.

வாடிக்கையாளர் வேறு கடையில் அடித்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்தால் அது தனிக் கூத்து. ‘அன்புடையீர்’ என்று அடித்தது இங்கே ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். மொத்தத்தையும் திரும்ப அடிக்க வேண்டும்.

‘எல்லாரும் விக்கிறது ஒரே தமிழைத்தானே? சாவியை மட்டும் ஏன் ஆளுக்கொரு இடத்துல வெக்கணும்?’ என்று அவர் கேட்டார். பதில் சொல்ல அந்தக் கடையில் யாருமில்லை.

ஒன்றானது தமிழ்

அதே கேள்வி பலரிடமும் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ் இணையம் 99’ மாநாடு நடந்தது. அதையொட்டி ‘தமிழ்99’ என்ற பொது விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும். புள்ளி தானாக விழும். எழுத்துகளுக்குள் இருந்த குழப்பத்தை யூனிகோடு தீர்த்தது. 2010ல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

எல்லோரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. டைப்ரைட்டர் பழகியவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று தட்டித் தமிழை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘அஞ்சல்’ முறை அந்த வகை. 2013லிருந்து ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸிலும் தமிழ்99 உண்டு. ஒரு நிறுவனத்தின் கருவியில் பழகிய கை, போட்டி நிறுவனத்தின் கருவியிலும் அந்நியமாக நிற்பதில்லை.

போட்டியாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதில் நமக்கு இருக்கிற பெரிய லாபம் இதுதான். பாடுபட்டுக் கற்ற வித்தை, கருவி மாறும்போது குப்பைக்குப் போகாது.

நன்றி யாருக்கு?

இதில் ஒரு நியாயக் குறையும் உண்டு. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பர்ட், 1968லேயே அதை மேடையில் இயக்கிக் காட்டினார். உலகமே அதைக் கையில் பிடித்தது. அவருக்கு அதிலிருந்து ராயல்டி வரவில்லை. ஆல்டோவில் உழைத்த பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. இங்கே கட், காப்பி, பேஸ்ட் செய்யாத ஆபீஸ் கிடையாது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? 2020ல் அவர் மறைந்தபோதுதான் பல பத்திரிகைகள் அந்தப் பெயரையே எழுதின.

இரவல் வாங்குவது தப்பில்லை. வாங்கிய இடத்தைச் சொல்லாமல், ‘உலகிலேயே முதன்முறையாக’ என்று மேடையில் அறிவிப்பதுதான் உறுத்துகிறது. அக்கம்பக்கத்தில் ரசத்துக்குப் பக்குவம் கேட்டுச் செய்தால்கூட, ‘இது எதிர்வீட்டு மாமி சொல்லிக்கொடுத்தது’ என்று ஒரு வார்த்தை சொல்கிறோமே! அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

நம் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் வந்து போனின் முகமே மாறியிருக்கும். வீட்டுப் பெரியவர் ‘பழைய மாதிரியே வெச்சுக் குடு’ என்று போனை நீட்டுவார். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று பிடுங்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த ஒன்றின் இடத்தை யாரோ மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே மூன்று தரம் செய்யவிடுங்கள். நாலாவது தரம் கை தானாகப் போகும்.