தேதி போட்டு வரும் மடல்

புத்தகங்களைப் பற்றி வாராவாரம் ஒரு மின்மடல் எழுதி அனுப்புகிறவன் நான். அதனாலேயே, எந்தெந்த நியூஸ்லெட்டருக்குச் சந்தா சேரலாம் என்று வாசகர்கள் அடிக்கடி கேட்பார்கள். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அல்லது உட்கார்ந்து வாசிக்க வேண்டுமா என்று முதலில் அவர்களிடம் கேட்டுவிடுவேன். முதல் தேவைக்கு மடல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் லிட்ஹப் 2015இலிருந்து நடக்கிறது. அதன் தினமடல் ஒன்றே போதும். காப்பி குடிக்கிற நேரத்தில் மேலோட்டமாகப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது தேவைக்கு எழுதுகிறவர்கள் குறைவு. என் மனம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மரியா போபோவாவை எடுத்துக்கொள்வோம். பல்கேரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். 2006இல், உடன் வேலை பார்த்த ஏழு பேருக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் என்று தொடங்கினார். ‘பிரெயின் பிக்கிங்ஸ்’ என்ற பெயரில் வளர்ந்த அது 2021இல் ‘தி மார்ஜினாலியன்’ ஆனது. விளம்பரம் கிடையாது, வாசகர் தரும் நன்கொடையில் ஓடுகிறது. இந்த வாரம் வெளியான நாவல் அதில் அபூர்வமாகத்தான் வரும். நூறு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய கடிதம், ஒரு விஞ்ஞானியின் நாட்குறிப்பு, மறந்துபோன ஒரு குழந்தைப் புத்தகம் என்று பழையதைத் தேடி எடுத்து வருவார். அவர் கை வண்ணம் தெரிவது மேற்கோள்களில். ஒரு புத்தகத்திலிருந்து எந்தப் பத்தியை எடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதிலேயே பாதி விமர்சனம் முடிந்துவிடுகிறது. என் மடலுக்கும் நான் முதலில் செய்வது பத்தியைத் தேர்வதுதான். அதைக் கையால் ஒரு தரம் எழுதிப் பார்ப்பேன். எழுதும்போது அலுத்தால் அந்தப் பத்தி மடலுக்கு வேண்டாம்.

ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘ஸ்டோரி கிளப்’ வேறு ரகம். ‘லிங்கன் இன் த பார்டோ’ நாவலுக்காக 2017இல் புக்கர் பரிசு பெற்றவர்; சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாக ரஷ்யச் சிறுகதைகளைப் பாடம் நடத்துகிறவர். அந்தப் பாடங்களிலிருந்து வந்த புத்தகத்தில் செகாவின் கதை ஒன்றை ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்து, இப்போது உங்களுக்கு என்ன தெரியும், அடுத்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். 2021 டிசம்பரில் தொடங்கிய மடலிலும் அதே பொறுமை. ஒரே சிறுகதையோடு வாரக்கணக்கில் உட்கார வைத்துவிடுகிறார். எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பட்டறை எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது, எழுதுகிறவர் சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்க்காத மடல்: ‘டிராகுலா டெய்லி’. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வந்தது. நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி போன்ற ஆவணங்கள்தான். பெரும்பாலானவற்றில் தேதி உண்டு. நாவலின் பாத்திரமான ஜானத்தன் ஹார்க்கர் மே 3 அன்று எழுதிய குறிப்பு மே 3 அன்று உங்கள் இன்பாக்ஸில் வந்து விழும். எதுவும் எழுதப்படாத நாளில் மடலும் வராது. 2021இல் மேட் கர்க்லண்ட் தொடங்கிய இந்த முயற்சியை அடுத்த வருடமே உலகம் முழுக்கப் பெருங்கூட்டம் பின்தொடர்ந்தது.

அதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களுக்கு மே 19 மடலைக் காட்டுவேன். கோட்டைக்குள் சிறைப்பட்டிருக்கும் ஹார்க்கரை அழைத்து, ஊருக்கு மூன்று கடிதம் எழுதித் தரச் சொல்கிறான் டிராகுலா பிரபு. அவற்றில் ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29 என்று பின்தேதி போடவும் சொல்கிறான். தன் ஆயுள் எதுவரை என்று ஹார்க்கருக்குப் புரிந்துவிடுகிறது. புத்தகமாகப் படிப்பவர் நாலு பக்கம் புரட்டினால் ஜூன் 29ஐத் தாண்டிவிடலாம். மடலில் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஜூன் 29 வருகிறவரை அவர் காத்திருந்தே ஆக வேண்டும். இதற்கு நடுவில் மே 24 அன்று, ஒரே நாளில் மூன்று பேர் தன்னைப் பெண் கேட்ட பூரிப்பை லூசி என்ற இளம்பெண் தோழிக்கு எழுதும் கடிதம் வந்து சேரும். அச்சுப் புத்தகத்தில் ஹார்க்கரின் கோட்டை அத்தியாயங்கள் எல்லாம் முடிந்த பிறகே இந்தக் கடிதம் வரும். தேதி வரிசையில் அடுக்கியதும் அங்கே சிறை, இங்கே சிரிப்பு, இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. நாவலில் ஒரு சொல்லும் மாறவில்லை; வரிசையும் வாசிக்கும் வேகமும் மட்டும் மாறியிருக்கின்றன.

வேகத்தை மாற்றித் தருவதுதான் ஒரு நல்ல புத்தக மடலின் வேலை என்று நான் நம்புகிறேன். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் 361 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்று ஒரு வருடத்தில் வாசித்து முடிக்கும் குழுக்களும் மடல்களும் இருக்கின்றன. தடிமனைப் பார்த்துப் பயந்து அலமாரியிலேயே விட்டு வைத்த புத்தகத்தை முடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தமிழில் மடல் எழுதுகிறவருக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. மடலின் அளவு சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு, முழுதும் படிக்க ஒரு லிங்க் கொடுக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. ‘வாசிக்கிறோம்’ என்ற ஒற்றைச் சொல் 36 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது. அலங்கார வார்ப்புருக்களைப் போட்டால் மடலின் கடைசிப் பகுதி, அதாவது நான் மேற்கோள் வைக்கும் பகுதி, வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் என் மடலில் வெறும் எழுத்து மட்டும்தான். படம் இருந்தால் ஒன்று.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் நான் பார்ப்பதில்லை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்து, அது எத்தனை முறை இறங்கியது என்று எண்ணுவதே அந்தக் கணக்கு. 2021இல் ஆப்பிள், தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு, மடலைத் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்த எண்ணில் பாதி அர்த்தம் போய்விட்டது. எனக்கு வேண்டியது பதில் கடிதம். ‘நூலகத்தில் எடுத்துவிட்டேன், அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன்’ என்று யாராவது எழுதினால் அந்த வாரத்து மடல் ஜெயித்தது.

அதற்கு ஒருவருக்கு எழுதுவதுபோல எழுத வேண்டும். நம்மிடம் இதற்கு முன்மாதிரி உண்டு. இடைசெவல் கிராமத்து நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. புத்தகமும் சங்கீதமும் வீட்டுச் செய்தியும் ஒரே மூச்சில் வரும் அந்தக் கடிதங்களைத்தான், மடல் எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

தமிழில் இன்னும் செய்யப்படாத ஒரு மடல் எனக்குக் கனவாக இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்த ரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும்வரை எழுதி வைத்த நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதியவர் அவர். பிரபஞ்சன் இதிலிருந்துதான் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதினார். மூலத்தைப் படித்தவர்கள் மிகக் குறைவு. பேச்சுத் தமிழோடு தெலுங்கும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த நடை அது. மொத்தமாகப் படிக்க உட்கார்ந்தால் மூச்சு முட்டும். நாளுக்கு ஒரு பதிவு, அடியில் இரண்டு வரி விளக்கம் என்று வந்தால் யாரும் படித்துவிடலாம். 1746ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். அந்தச் செப்டம்பரில்தான் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பழைய நடையை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், பிரெஞ்சுப் பெயர்களை அடையாளம் காண்பவர் ஒருவர், பிழையில்லாமல் தட்டச்சு செய்பவர் ஒருவர் வேண்டும். மூவரும் கிடைத்தால் வருகிற ஜனவரியில் தொடங்கிவிடலாம். விருப்பம் உள்ளவர்கள் எழுதுங்கள்.