படைவீரர் குடும்பமும் பெயரின் எழுத்துக்கூட்டும்

பேரிடர் ஒன்றிலிருந்து பிறந்த குடியிருப்பு பிரேசர் டவுன். 1898-இல் பெங்களூரில் பரவிய பிளேக் நோய், நெரிசல் மிகுந்த கன்டோன்மென்ட் தெருக்களில் பலரைக் காவுகொண்டது. அதன் பின்விளைவாக, காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களுடன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி உருவாக்கப்பட்டது. அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்ற இவ்விடம் பின்னாளில் புலிகேசி நகர் ஆனது. எனினும் பழைய பெயர் மக்கள் வாயைவிட்டு அகலவில்லை.

இங்கிருந்து சிறிது தொலைவில் அல்சூர் ஏரி. அதனருகே மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இருக்கிறது. 1780-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் அப்படைப்பிரிவில் என் தாத்தா பணியாற்றினார். அவரைப் போன்றோரின் தமிழ்க் குடும்பங்கள் இச்சுற்றுவட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றன.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தது. சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அங்கு விரைந்த இப்படைப்பிரிவினர், 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தனர். நாடு அவர்களைப் பாராட்டியது. எங்கள் தெருவும் பெருமைகொண்டது. எனக்கு அப்போது வேறொரு கேள்வி எழுந்தது. பிறர் வீட்டுப் பேரிடருக்கு ஓடுபவர், தம் வீட்டில் பேரிடர் நேரும்போது எங்கே இருப்பார்? பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார். நேர்ந்த துயரமே அவருடைய இறப்பாகவும் இருக்கக்கூடும். படைவீரர் குடும்பத்தைப் பிற குடும்பங்களிலிருந்து வேறுபடுத்துவது இந்த இன்மைதான்.

சில வேளைகளில் குடும்பமே பேரிடரின் நடுவில் நிற்கும். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது, வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடல் பொங்குமுன் இன்று எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் நீர் வடிந்தபின் வரும் மாதங்களுக்கு அத்தகைய மையம் ஏதுமில்லை. பிழைத்தவர் தாம் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்பதைத் தாளில் மெய்ப்பிக்க வேண்டும். வீட்டோடு தாள்களும் போயிருந்தால் அது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தாள்கள் இருந்தும் மெய்ப்பிக்க இயலாத நிலையும் உண்டு. அங்கேதான் இச்செய்தி என் துறைக்குள் நுழைகிறது.

பாக்கியம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே ஒலிப்புடை ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் குறிக்கும். ஆகவே இப்பெயரை உரோமன் எழுத்தில் எழுதுபவர் ஆங்கில அகரவரிசையின் 2-ஆம் எழுத்தில் தொடங்கலாம். 16-ஆம் எழுத்திலும் தொடங்கலாம். அவ்விரு எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’தான்! அடுத்து ஓர் ‘எச்’ சேரலாம், சேராமலும் போகலாம். நடுவிலுள்ள மெய் ‘ஜி’யாகலாம், ‘கே’யாகலாம், இரட்டிக்கலாம். இவற்றோடு தலைப்பெழுத்துச் சிக்கலும் உண்டு. மணத்துக்குமுன் தந்தையின் முதலெழுத்து, மணத்துக்குப்பின் கணவரின் முதலெழுத்து. படிவமோ நம்மிடம் இல்லாத குடும்பப்பெயரைக் கேட்கும். தமிழ் அறியாத எழுத்தர் ஒருவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டால், அவர்மீது குற்றம் சொல்ல இயலாது.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஆயாவின் பெயர் படைத்துறைத் தாளில் ஒருவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறுவிதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்த எங்கள் வீட்டில் பாட்டியை ஆயா என்றே அழைப்போம். அந்த மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் பெற்று, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார் அம்மா. குறிகள் பல, குறிக்கப்படுபவர் ஒருவர் என்பது மொழியியலில் முதல் பருவத்துப் பாடம். அதை மெய்ப்பிக்க எங்களுக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. அதுவரை ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. கணவரை இழந்த துயரோடு, தாம் அவருடைய மனைவிதானா என்ற கேள்வியையும் அவர் அவ்வளவு காலம் சுமந்தார்.

அந்த மாதங்களில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்று உண்டு. தாத்தாவின் படை எண்ணை ஆயா மனப்பாடமாகச் சொன்னார். ஆங்கிலம் அறியாத அவர், எண், பதவி, பெயர், 56 ஏ.பி.ஓ. என்ற முகவரியைக் கோலம் பழகுவதுபோல் பார்த்துப் பழகி, ஆண்டுக்கணக்கில் கடித உறைகள்மேல் எழுதியவர். கடிதம் எழுதும் வழக்கமே அக்காலத்து மனைவியருக்கு அறியாமல் கிடைத்த பேரிடர்ப் பயிற்சி. இன்று கணவரின் முகம் அன்றாடம் கைப்பேசியில் தெரிகிறது; அவருடைய எண்ணை எழுதவேண்டிய தேவை எழுவதில்லை. தொடர்பு பெருகியிருக்கிறது. ஆனால் தொடர்பு அறுந்தபின் தேவைப்படும் அறிவு குறைந்திருக்கிறது.

படைவீரர் வீட்டுப் பிள்ளைகள் என் மாணவர்களிலும் நண்பர்களிலும் பலர் உள்ளனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருமணமும் குழந்தை பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டரில்’ பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். அதிலுள்ள எழுத்துக்கூட்டு ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அப்படியே இருக்கிறதா என ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், வீரர் உயிருடன் இருக்கும்போதே திருத்துவது எளிது. படை எண், ஆவண அலுவலகத்தின் முகவரி, டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை எண், நியமனதாரர் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரு படியை வெள்ளம் எட்டாத உயரத்திலும், மற்றொன்றை வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருப்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தாளை வீட்டில் இருக்கும் பெண்ணே தம் கையால் எழுதட்டும். ஒருமுறை எழுதிப் பார்த்த கைக்கு, தேவைப்படும் நாளில் அந்த எண் அயலாகத் தோன்றாது.