24 செடி, ஒரு பாக்கெட் பேபி கார்ன்... அப்பா தரமறுத்த ஒரு பை!

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர் என் அப்பா. 2018-ல் படைப்புழு வந்து குருத்தையே தின்றது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவோடு சென்னைக்கு, என் வாடகை வீட்டுக்கு வந்தார். அதிலிருந்து சோளம் பற்றிய பேச்சே கிடையாது. பீச்சில் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தால்கூட, `நீ சாப்பிடும்மா' என்று கடலைப் பார்ப்பார்.

அது தெரிந்தும்தான் மொட்டைமாடியில் பேபி கார்ன் வைத்தேன். அது தனிச் சாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அதற்கென்று ரகங்கள் உண்டு என்றாலும், செடி அதே மக்காச்சோளம்தான். பிஞ்சிலேயே பறித்தால் பேபி கார்ன்.

முதலில் நான்கு குரோ பேக். மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், பைக்கு இரண்டு செடி. 50 நாள் நெருங்கும்போது கதிரில் பட்டு இழை எட்டிப் பார்த்தது. எனக்கோ அந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை பறித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆறு நாள்தான். உள்ளே முத்து திரண்டு, தண்டு சக்கையாகிவிட்டது. இழை வெளியே வந்த ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள், அது ஒரு இன்ச் நீளம் இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டுமாம்.

``அது பெருசாகணும்னுதானே நினைக்கும்? உன் ஷிஃப்ட் அதுக்குத் தெரியுமா?'' மாடிக்கே வராத அப்பா, அன்று வந்து சொன்னார்.

அடுத்த முறை 12 பை, 24 செடி. இப்போது தினமும் காலையில் முதல் ஆளாக மாடியில் நின்றது அப்பாதான். ஒவ்வொரு குருத்தையும் விரலால் விரித்துப் பார்ப்பார். இலையில் வரிசையாக ஓட்டை தெரிந்தால், குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் புழு இருக்கிறது என்று அர்த்தம். மூன்று புழு கிடைத்தது. நசுக்கினார். எதுவும் பேசவில்லை.

சண்டை வந்தது உச்சிப் பூவில். மகரந்தம் கொட்டும் முன்பே அந்த ஆண் பூவை உருவிவிட்டால், பிஞ்சில் முத்து பிடிக்காமல் இளசாகவே இருக்கும். இலை மட்டும் கிழியக் கூடாது.

``பூவைப் பிடுங்குறதா? அப்புறம் அது என்ன வெள்ளாமை?'' என்றார் அப்பா. அம்மா சமாதானம் செய்தும் கேட்கவில்லை. கடைசியில் 11 பை எனக்கு, ஒரு பை அவருக்கு என்று முடிவானது.

முதல் பறிப்பில் என் 22 செடியில் மேல் கதிர் மட்டும் 22. மேலது முதலில்; கீழே இருப்பது இரண்டு மூன்று நாள் கழித்து. அத்தனை தோலையும் உரித்தால், கடையில் வாங்கும் 200 கிராம் பாக்கெட் அளவுதான் தேறியது. லாபக் கணக்கு பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்! ஆனால், பறித்த அரை மணி நேரத்தில் அம்மா மிளகு போட்டுப் புரட்டியதில் இருந்த இனிப்பு, எந்தப் பாக்கெட்டிலும் நான் பார்க்காதது. அப்பா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவருடைய பையில் இரண்டு செடியும் பூவோடு நிற்கின்றன. காற்றை நம்ப முடியாது என்று, தினமும் காலையில் அவரே பூவை உலுக்கி இழைமேல் மகரந்தத்தைக் கொட்டுகிறார். முற்ற இன்னும் ஒன்றரை மாசம் ஆகுமாம். அதுவரை அந்தப் பைக்கு நான் தண்ணீர்கூட ஊற்றக் கூடாதாம்.