இடாப்பைப் பார்க்கிற ஊர்

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், முரசுமோட்டை வரை இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள். சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. எதிரே மணல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையாக வந்தன. தர்மபுரத்தில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் உள்ளே ஒரு கிராமத்து முன்பள்ளிக்குப் போனேன். கிராம சிறுவர் அபிவிருத்திக் குழு அன்று கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முன்பள்ளி ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி, குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், கோயில் நிர்வாகத்து ஐயா ஒருவர், பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். சிறுவர் கழகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் முதலில் பேசினார்கள். மாலை வகுப்பு முடிந்து வரும் ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை, மதகடியில் குடித்துவிட்டு நிற்பவர்கள் சேட்டைக் கதை சொல்கிறார்கள் என்றார்கள். கிராம அலுவலர் எழுதிக்கொண்டார். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் குழுவின் கொப்பியைத் திறந்தார்கள்.

அதில் பாடசாலை இடாப்பிலிருந்து எடுத்த இலக்கங்கள் இருந்தன. பெயர் யாரும் சொல்லவில்லை. தரம் 9 பிள்ளை ஒன்று இரண்டு கிழமையாக வரவில்லை. தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு.

“பெரியம்மா வீட்ட நிக்கிறாளாம்” என்றார் ஒருவர்.

“ஆர் கண்டது?” என்றார் சிறுவர் உரிமை உத்தியோகத்தர்.

யாரும் கண்டிருக்கவில்லை. “அப்ப நாங்கள் இன்னும் தேடேல்லை எண்டுதானே அர்த்தம், அக்கா?” என்றார் அவர். குடும்பநல உத்தியோகத்தர் அடுத்த நாள் காலையில் தானே போய்ப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். வீடு வீடாகப் போய்வருகிற அவருக்குத் திறக்காத படலை ஊரில் இல்லை.

வன்னியில் இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கிளிநொச்சியிலிருந்து பெயர்ந்து தர்மபுரத்தில் தங்கியிருந்த சனம், போரின் கடைசி மாதங்களான 2009 தொடக்கத்தில் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே தள்ளப்பட்டது. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பெற்றோர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்த காலமும் அதுதான். உயிரைக் காக்கச் செய்தார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போர் முடிந்தும் அந்த எண்ணம் முடியவில்லை. பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றால் கட்டிக்கொடுத்துவிட்டால் சரி என்று இன்றும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. 1995இலேயே நாட்டின் பொதுச் சட்டம் திருமண வயதை 18 ஆக்கிவிட்டது. பாலுறவு விடயத்தில் 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல.

நுண்கடன் கட்ட முடியாமல் வெளிநாடு போகும் தாய், கசிப்பில் கிடக்கும் தகப்பன், கூலி கிடைக்கிறதென்று மணல் ஏற்றப்போகும் பையன் என்று அன்று பேசிய வீடுகளின் கதை இப்படித்தான் இருந்தது. வெளிநாடு போன தாயைத் திட்டுவது எல்லாருக்கும் லேசாக இருக்கிறது. அவள் அனுப்பும் காசு எந்தக் கடைக்குப் போகிறதென்று ஊருக்குத் தெரியும். அவள் பிள்ளை இரவில் எங்கே படுக்கிறதென்று தெரியாது. எனக்கு ஊர்மேல்தான் கோபம்.

கூட்டத்தின் நடுவில் பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகம் பற்றிப் பேச்சு வந்தபோது கோயில் ஐயா மெதுவாகச் சொன்னார்: “பொலிசுக்குப் போனா பிள்ளையின்ர பேர்தான் கெடும். சில விசயங்களை ஊருக்குள்ள பேசி முடிக்கலாம், பிள்ளை.”

சிறுவர் உரிமை உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “ஐயா, வேலிச் சண்டையைப் பேசி முடியுங்கோ. இதைப் பேசி முடிச்சா, செய்தவன் அதே ஒழுங்கையிலதான் இருப்பான். பிள்ளையும் அதே ஒழுங்கையிலதான் நடக்கவேணும்.”

ஊர் கூடினால் பிள்ளை காக்கப்படும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். பிள்ளையின் வாயை மூடுவதற்கும் அதே ஊர்தான் கூடுகிறது. செய்தவர் மாமாவோ சித்தப்பாவோ என்றால் இன்னும் வேகமாகக் கூடும். அதனால் இப்படி ஒரு குழுவின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. கண்டதை, கேட்டதை அன்றே உரிய இடத்துக்குச் சொல்வது. அதன்பிறகு பிள்ளைக்குத் துணையாக நிற்பது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவச இலக்கம் அதற்காகத்தான் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது.

ஊர்த் தலைமையையே பொறுப்பாக்க முடியும் என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் டெட்சா மாவட்டத்தில் தெரேசா கச்சிண்டமோட்டோ என்ற பெண் 2003இல் பெருந்தலைவியானார். தன் கீழுள்ள ஊர்த்தலைவர்களிடம் சிறுவர் திருமணம் இனி இல்லை என்று ஒப்பம் வாங்கினார். மீறி அனுமதித்தவர்களைப் பதவியிலிருந்து நிறுத்தினார். 800க்கு மேற்பட்ட திருமணங்களைக் கலைத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பினார். எனக்கு அதில் பெரிதாகப்படுவது, எந்தத் தலைவர்கள் தலையாட்டித் திருமணங்கள் நடந்தனவோ அவர்களையே அவர் பொறுப்பாக்கியது. தர்மபுரத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் கோயில் ஐயாவைப் போன்றவர்கள். அவர் குழுவை விட்டுப் போகாமல் இருப்பதும் நல்லதுதான்.

முறைப்பாடு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். சிறுமியாக வாக்குமூலம் கொடுத்தவள் வளர்ந்த பெண்ணாகி மன்றில் நிற்கிறாள். பிள்ளையின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து சாட்சியமாக்கலாம் என்று 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வசதி ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கிளிநொச்சிக்குப் போய்வரும் பஸ் காசு கூட இல்லாத வீடுகளை மாதர் சங்கத் தலைவி அறிவார். சங்கத்தின் பணத்திலிருந்து அதைக் கொடுக்கலாமா என்று அவர் கேட்க, அன்றைய கூட்டம் அதைப் பற்றித்தான் அதிக நேரம் வாதாடியது. கடைசியில் கொடுப்பதென்று தீர்மானித்து எழுதினார்கள். கோயில் ஐயாவும் ஒப்பம் வைத்தார்.