புண்படுத்தாத நகை

மனிதர்க்கு வாய்த்த செல்வங்களுள் நகைச்சுவையும் ஒன்று. ஆயினும், பிறரை இழிவுபடுத்திப் பெறும் சிரிப்பு நெடுநேரம் இன்பம் தராது. குறையை எள்ளி, குறையுடையாரை வெறுக்காமல் சிரிக்க வைப்பதே உயர்ந்த கலை. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் திரைப்படம் அதற்கு நல்லதொரு சான்றாகும்.

அதனை இயக்கியவர் ஸ்ரீதர். ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகிய படங்களால் காண்போரைக் கண்ணீர் சிந்தச் செய்தவர் அவர். அவரே தம் நண்பர் கோபுவுடன் சேர்ந்து, நகைச்சுவை ததும்பும் இக்கதையை உருவாக்கி, வண்ணப் படமாக வழங்கினார்.

கொங்கு நாட்டாருக்கு இப்படம் அயலானதன்று. கோவைக்கு வடக்கே உள்ள துடியலூரிலிருந்து பொள்ளாச்சி வழியாகத் தெற்கே சென்றால், ஆனைமலை அடிவாரத்தில் ஆழியாறு அணையைக் காணலாம். படத்தின் காட்சிகள் பல அங்கேதான் எடுக்கப்பெற்றன. அதில் செல்லப்பாவாக நடித்த நாகேஷும் கொங்கு நாட்டுத் தாராபுரத்தைச் சேர்ந்தவரே.

கதையில் வரும் விசுவநாதன் சின்னமலைத் தோட்டத்தின் உரிமையாளர். தம் பெண்களுக்குச் செல்வர் வீட்டு மாப்பிள்ளைகளே வேண்டும் என்பது அவர் ஆசை. அவரால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோகன், செல்வர் மகனாக நடிக்கிறான். நண்பன் வாசு, அவனுடைய முதிய தந்தையாக வேடம் பூணுகிறான். நேற்று விரட்டிய வாயே இன்று வரவேற்கிறது! அசோகன் மாறவில்லை; பணம் உண்டு என்னும் சொல் ஒன்றே புதிதாக வந்தது. பொருளைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் பேதைமையை இதனினும் தெளிவாகக் காட்ட இயலுமோ?

திரைப்படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, தந்தைக்கு அச்சமூட்டும் கதையொன்றைக் கூறும் காட்சி புகழ்பெற்றது. அங்கே பேயும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. நாகேஷ் தம் வாயாலேயே விந்தையான ஓசைகளை எழுப்புகிறார். கேட்டிருக்கும் பாலையாவின் முகத்திலோ அச்சம் படிப்படியாக ஏறுகிறது. கூறுவோர், கேட்போர் ஆகிய இருவர் திறமையையும் நம்பி, காட்சியை அவர்களிடமே ஒப்படைத்தமை இயக்குநரின் நுண்ணறிவைப் புலப்படுத்துகிறது.

விசுவநாதன் ஏமாற்றப்படுகிறார்; ஆனால், வெறுக்கப்படுவதில்லை. அவர் பேராசைக்காரர், எனினும் மக்கள்மீது அன்புடையவர். ஆகவேதான் துடியலூர் போன்ற ஊர்களில், பாட்டனாரும் பேரரும் ஒருங்கே அமர்ந்து கூச்சமின்றி அவரைக் கண்டு சிரிக்க முடிகிறது. அச்சிரிப்பினூடே, அவரிடம் உள்ள பணப்பற்று தம்மிடமும் சிறிது உண்டோ என ஒருவர் எண்ணிப் பார்ப்பாராயின், அதுவே கலைஞரின் வெற்றியாகும்.